"அண்ணே, எப்டி இருக்கு?"

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்து, இலை போடுவதற்குள் நடக்கிற விபத்து இது. சித்தப்பா மகன் சட்டைக் கையைச் சுருட்டி, முன்கையை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவான். "அண்ணே, எப்டி இருக்கு?" புது டாட்டூ: கிரீடம் வைத்த சிங்கம், அதன் தலைக்கு மேல் ஒரு கடிகாரம். இரண்டையும் மூடி ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம். ஃபிலிமுக்குள் மையும் நிணநீரும் கலந்து கறுப்பாகத் தளும்பிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் சாம்பார் வாளி வந்துகொண்டிருக்கும்.

"சூப்பர்டா" என்று தப்பிப்பதும் சரியில்லை, "எதுக்குடா இதெல்லாம்" என்று எரிந்து விழுவதும் சரியில்லை. "என்னைக்குக் குத்தினே?" என்று கேளுங்கள். முந்தாநாள் என்றால் தீர்ப்பு கிடையாது, வாய்தாதான்.

புது டாட்டூ பொய் சொல்லும். தோல் வீங்கிச் சிவந்திருப்பதால் கறுப்பு எடுப்பாகத் தெரியும், கோடுகள் கத்தி மாதிரி இருக்கும். நாலைந்து நாளில் உரியத் தொடங்கும். சிங்கத்தின் மூக்கில் பாதி தலையணை உறையில் கிடக்கும். பையன் அலறுவான். உரிவது மேல்தோல்தான், அவனாகப் பிய்க்காமல் இருந்தால் போதும். அதன்பிறகு சில வாரங்கள் பாலாடை மூடினாற்போல மங்கி நிற்கும். நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துத் தெரிவதுதான் உண்மையான முகம். கடைக்காரர்கள் இன்ஸ்டாகிராமில் போடுகிற படங்களில் முக்கால்வாசி ஊசியைக் கீழே வைத்த அஞ்சாவது நிமிஷம் எடுத்தவை. அதைப் பார்த்து ஆளைத் தேர்வு செய்வது, மேக்கப் போட்ட படத்தைப் பார்த்துப் பெண் பார்க்கிற கதைதான். "ஒரு வருஷம் ஆனது ஏதாவது இருந்தா காட்டுங்க" என்று கேட்டால் நல்ல கை உள்ளவர் உடனே காட்டுவார். மற்றவர் டீ சொல்லுவார்.

சரி, ஆறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சிங்கத்தை மறந்துவிட்டுக் கோட்டைப் பாருங்கள்.

ஊசி மேல்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கில், சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை விட வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் செதிலோடு உதிர்ந்து, கோட்டில் எறும்பு கடித்த மாதிரி இடைவெளிகள் விழும். இது டச்-அப்பில், அதாவது ஆறின பிறகு விட்ட இடத்தில் மறுபடி குத்துவதில், சரியாகிற வியாதி. ஆழம் கூடினாலோ, ஊசி சாய்ந்து போனாலோ, மை கீழே கொழுப்பில் பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் கட்டும், செய்தித்தாளில் பேனா மை ஊறுமே, அப்படி. தொழிலில் இதை ப்ளோஅவுட் என்பார்கள். மணிக்கட்டு, கணுக்கால், கையின் உட்புறம் மாதிரி தோல் மெல்லிசான இடங்களில் அதிகம் வரும். இதற்கு டச்-அப் மருந்தில்லை. மேலே மேலே குத்தினால் நிழலுக்கு நிழல்தான் சேரும்.

அடுத்து, வட்டம். கை நடுங்குகிறதா என்பதை வட்டம்போல் காட்டிக்கொடுப்பது வேறில்லை. தொடங்கின இடமும் முடிந்த இடமும் சேருகிற புள்ளியைத் தேடுங்கள். தேடியும் கிடைக்கவில்லையென்றால் ஆர்ட்டிஸ்ட் கெட்டிக்காரர். ஆனால் கடிகாரம் முட்டையாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு ஆர்ட்டிஸ்டைத் திட்டிவிடாதீர்கள். முன்கை திரும்புகிற உறுப்பு. உள்ளங்கை மேலே பார்க்கும்போது வட்டமாக இருப்பது கவிழ்த்தால் முட்டையாகும். கையைச் சாதாரணமாகத் தொங்கப்போடச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் முட்டை என்றால், கையை முறுக்கி மேஜையில் வைத்த நிலையில் ஸ்டென்சிலை, அதாவது குத்துவதற்கு முன் தோலில் பதிக்கிற மாதிரிப் படத்தை, ஒட்டியிருக்கிறார்கள். கையைச் சுற்றி வளையம் போட்டவர்களுக்கு வேறு வம்பு: முன்கை முழங்கைப் பக்கம் பருத்து மணிக்கட்டுப் பக்கம் சிறுத்த கூம்பு. நேரான பட்டையை அதன்மேல் சுற்றினால் இரண்டு முனையும் சந்திக்காது. சட்டைப் பட்டனை ஒரு ஓட்டை தள்ளிப் போட்ட மாதிரி நிற்கும்.

அப்புறம் விரல் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டுங்கள் (ஆறின பிறகு மட்டும், அனுமதி கேட்டு). எங்கே கோடு என்று விரலுக்கே தெரிந்தால், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் குத்தித் தோலைப் புண்ணாக்கியிருக்கிறார்கள், அது தழும்பு. அரிப்பிலும் வெயிலிலும் நல்ல டாட்டூகூடச் சிலசமயம் மேடு தட்டி, பிறகு அடங்கிவிடும். அதனால் இரண்டு தடவையாவது தடவிப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

நிறம் விஷயத்தில் நம் தோலுக்கு ஒரு கணக்கு உண்டு. மை தோலின் நிறமிக்குக் கீழே உட்காருகிறது. அதாவது எல்லா வண்ணத்தையும் ஒரு டீ நிறக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். வெள்ளை ஆறினால் மஞ்சளடிக்கும், வெளிர் நிறங்கள் காணாமல் போகும். கறுப்புக்கும் அடர் சிவப்புக்கும் பயமில்லை. சிங்கத்தின் கண்ணில் வெள்ளைப் பொட்டு வைத்து உயிர் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஒரு வருஷத்தில் சிங்கத்துக்குக் காமாலை.

இனி எழுத்துகள். சிரிப்பும் அழுகையும் இங்கேதான் அதிகம். வருஷம் ஆக ஆக மை மெல்லப் பரவிக் கோடு தடிக்கும். ஞ, ணு, ழ, ஐ, ஓ எல்லாம் சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துகள். அரை சென்டிமீட்டர் உயரத்தில் ஃபைன் லைன் என்கிற மெல்லிய கோட்டில் குத்தினால் சுழி மூடி, பத்து வருஷத்தில் வரிசையாக மிளகு. எழுத்துக்குள் இருக்கிற வெற்றிடம் இரண்டு மில்லிமீட்டராவது இருக்கட்டும். மெல்லிய ஊசியில் லேசாக வைத்த புள்ளியும் ஆறும்போது உதிரலாம். உதிர்ந்தால் "அம்மா" என்பது "அமமா" ஆகிவிடும். பெற்றவள் மன்னிப்பாள், தமிழ் டீச்சர் மன்னிக்கமாட்டார்.

கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு வேலை காட்டும். தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாத டிசைன் மென்பொருளில் பெயரை ஒட்டினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். சிலசமயம் தனியாகப் புள்ளி வட்டம் ஒன்றும் முளைக்கும். தமிழ் தெரியாத ஆர்ட்டிஸ்ட் அதையும் அலங்காரம் என்று நினைத்து அழகாகக் குத்திவிடுவார். போதாக்குறைக்கு, சங்கப் பாட்டு வரி கேட்டு வருகிறவர்கள். "யாவரும் கேளிர்" என்றால் எல்லாரும் உறவினர். "கேளீர்" என்று நெடிலாக்கினால் எல்லாரும் கேளுங்கள். கணியன் பூங்குன்றனாரின் உறவுமுறை பஸ் ஸ்டாண்டு அறிவிப்பாக மாறிவிடும். ஊதா நிற ஸ்டென்சில் தோலில் ஏறினதும் ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொல்லி, வேறொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதுவரை துடைத்து அழித்துவிடலாம். முன்பக்க கேமராவில் பார்த்துவிட்டு "ஐயோ, திருப்பிக் குத்திட்டான்" என்று கத்தாதீர்கள். பல போன்களில் அது கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றித்தான் காட்டும்.

இதுவரை பேசியது தரம். ரசனை வேறு கணக்கு, இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுவதுதான் வம்பு. கிரீடச் சிங்கம் உங்களுக்குப் புளித்திருக்கலாம். கோடு சுத்தமாக, கறுப்பு திட்டுத் திட்டாக இல்லாமல், நிழல் படிப்படியாக இறங்கினால் அது நல்ல டாட்டூதான். தடித்த கறுப்புக் கோடு, நாலே நாலு வண்ணம் என்று நங்கூரமும் ரோஜாவும் போடுவது, ஹவாய்த் தீவின் ஹோனலூலுவில் கடை வைத்திருந்த நார்மன் காலின்ஸ் போன்ற அமெரிக்க டாட்டூக்காரர்கள் வளர்த்த பாணி. லாரியின் பின்பக்கம் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கலாம், ஆனால் முப்பது வருஷம் கழித்தும் தெருமுனையிலிருந்து அடையாளம் தெரிவது அதுதான். கடிகாரத்தில் ரோமன் நாலுக்கு IV என்று இல்லாமல் IIII என்று நாலு கோடு போட்டிருந்தால் அதையும் பிழை என்று பிடிக்காதீர்கள், பழைய கடிகாரங்களில் அதுவே வழக்கம். இதயத் துடிப்புக் கோட்டில்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். இரண்டு கூர்முனை, நடுவில் காதலி பெயர், அப்புறம் மணிக்கட்டு வரை நேர்கோடு. ஐசியூவில் அப்படி நேர்கோடு வந்தால் நர்ஸ் ஓடிவருவார்.

பழைய வேலை எப்படி நிற்கும் என்று பார்க்க வேண்டுமானால் அதே பந்தியில், எதிர் வரிசைப் பாட்டியின் கையைப் பாருங்கள். கறுப்பு மைதான், தோல் வழியாகப் பார்ப்பதால் பச்சையாகத் தெரிகிறது. அகத்திக்கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாக்கி ஆமணக்கெண்ணெயில் எரித்து, புதுச் சட்டியில் படிந்த கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குத்துவார்கள் என்று, வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றித் தொகுத்த எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். ஊசியைக் கையால்தான் குத்துவார்கள். பாட்டி கையில் புள்ளிகள் பருத்துவிட்டன, கோடு மங்கிவிட்டது. ஆனாலும் கோலம் கோலமாகவே இருக்கிறது, ஏனென்றால் புள்ளிக்குப் புள்ளி அரை விரல் இடம் விட்டிருக்கிறார்கள். சுத்தம் விஷயத்தில் மட்டும் அந்தக் காலத்தைக் கொண்டாட வேண்டாம். இப்போது புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மையைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு வகை உண்டு, கவர்-அப். பழைய டாட்டூவை மறைக்கப் புதியது குறைந்தது இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, அதைவிட அடர்த்தியாக இருந்தாக வேண்டும். மேலே வெளிர் நிறம் போட்டு கீழே உள்ள கறுப்பை மறைக்க முடியாது. அதனால் மூன்றெழுத்துப் பெயர் ஒன்று கருஞ்சிறுத்தையாக வளர்ந்து தோளிலிருந்து முழங்கை வரை இறங்கும். வேலை சுத்தமாக இருந்தால் "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். ஏன் இவ்வளவு பெரிசு என்று அவன் பொண்டாட்டி முன்னால் கேட்காதீர்கள். கையை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தும் பார்க்காதீர்கள். சிறுத்தையின் வயிற்றில், மேடு தட்டின பழைய கோட்டில், "பி"யின் கொக்கி இன்னும் தெரியும்.