சனி, ஞாயிறு சும்மா போக வேண்டாம்

வெளிநாட்டில் படிக்கப் போய்விட்டு வார இறுதி முழுக்க அறைக்குள்ளேயே கிடக்கும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. படிப்பு முக்கியம்தான். ஆனால் இத்தனை ஊர்கள் இவ்வளவு பக்கத்தில் இனி எப்போது இருக்கப் போகின்றன?

ஐரோப்பாவில் படிப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்க ஒப்பந்தம் செய்த ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள். அவற்றில் ஒன்றின் வசிப்பிட அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா வேண்டாம். எந்த 180 நாட்களை எடுத்தாலும் 90 நாள் வரை தங்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் கையிலேயே இருக்கட்டும், போனில் எடுத்த படம் போதாது.

ஒரு வார இறுதிக்கு ஒரே ஊர், அதுதான் என் கட்சி. ஜெர்மனியின் கொலோன் போனால் ரயில் நிலைய வாசலிலேயே அந்தப் பிரம்மாண்டமான தேவாலயம் நிற்கும். 1248இல் தொடங்கி 1880இல் முடித்தது. தெற்குக் கோபுரத்துக்கு 533 படிகள், லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுங்கள், மேலிருந்து ரைன் ஆற்றைப் பார்க்க வேண்டும்! அப்புறம் கரையோரமாகச் சும்மா நடங்கள். பாரிஸ் என்றால் லூவர் அருங்காட்சியகம்: ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். அதற்கும் அந்த வசிப்பிட அனுமதி அட்டைதான் சாட்சி.

சரி, ஞாயிறு இரவு கடைசி ரயிலை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு முந்தையதில் ஏறுங்கள், திங்கள் காலை வகுப்பு இருக்கிறது.