யார் உடம்புக்கு அளந்த வேலை?

ஜூன் 2

உட்கார்ந்து பார்க்கும் வேலை பெண்ணுக்கு, உடம்பை வருத்தும் வேலை ஆணுக்கு என்று உலகம் போட்டு வைத்திருக்கும் கோடு, அளந்து பார்த்தால் நிற்பதில்லை. உழைப்பை அளக்க 'மெட்' என்றொரு அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். 1.5 வரை அமர்வு வேலை. தட்டச்சு அதற்குள் அடங்கிவிடும். 3 முதல் 6 வரை நடுத்தர உழைப்பு. தச்சு வேலை இந்த வரிசையில் வருகிறது. தரை துடைப்பதும் இதே வரிசைதான். முன்னதைக் கடின வேலை என்கிறோம், பின்னதை 'சின்னச் சின்ன வேலை' என்கிறோம்.

உடல் வேறுபாடே இல்லை என்று சொல்லவும் முடியாது. பெண்ணின் மேலுடல் வலிமை சராசரியாக ஆணுடையதில் பாதி முதல் 60 சதவீதம் வரை. இடுப்புக்குக் கீழே இந்த இடைவெளி குறைகிறது. 60 முதல் 75 சதவீதம் வரை வரும். தோளால் தள்ளும் வேலையைக் காலால் தள்ளும் வேலையாக மாற்ற முடிந்தால் வேறுபாட்டில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். எவ்வளவு வலிமை இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், வேலை எந்தத் தசையிடம் கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஜூன் 4

சுமை தூக்குவதற்கான கணக்கை எழுதி வைக்கிறேன். 'இதைப் பெண் தூக்கலாமா' என்ற கேள்வி வரும்போதெல்லாம் முதலில் இதைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1981-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டு, 1991-இல் திருத்தியது. தொடக்க எடை 23 கிலோ. எல்லாம் சாதகமாக அமைந்த தூக்கலில், வேலை செய்யும் பெண்களில் சுமார் 75 சதவீதம் பேரும் ஆண்களில் ஏறக்குறைய எல்லோரும் ஏற்கக்கூடிய எடை அது. அதிலிருந்து ஒவ்வொரு பாதகத்துக்கும் ஒரு பெருக்கி போட்டுக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

25 கிலோ பெட்டி ஒன்று தரையருகே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில். கணுக்காலிலிருந்து கைகள் 40 செ.மீ. முன்னால் நீள்கின்றன. 60 செ.மீ. மேலே தூக்கி, உடலை 30 பாகை திருப்பி வைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பெட்டி, நாள் முழுக்க. பிடிமானம் சுமார்.

தொலைவு: சாதகமான 25 செ.மீ.யை 40-ஆல் வகுத்தால் 0.625. உயரம்: சாதகமான 75 செ.மீ.க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் 60, அதை 0.003-ஆல் பெருக்கி 1-லிருந்து கழித்தால் 0.82. தூக்கும் தூரம்: 0.82-உடன் 4.5-ஐ 60-ஆல் வகுத்ததைக் கூட்டினால் 0.895. திருப்பம்: 30-ஐ 0.0032-ஆல் பெருக்கி 1-லிருந்து கழித்தால் 0.904. அடுக்கடுக்காகத் தூக்குவதற்கு அட்டவணைப்படி 0.75, பிடிமானத்துக்கு 0.95.

23 கிலோவோடு எல்லாவற்றையும் பெருக்கினால் வருவது 6.8 கிலோ. தூக்கச் சொல்வதோ 25 கிலோ. வரம்பைப் போல 3.7 மடங்கு. இது ஆணின் முதுகையும் உடைக்கும் வேலை. பெண்ணை விலக்கி வைத்து ஆணை நிறுத்தினால் சிக்கல் தீரவில்லை. வலி வெளியே தெரிய இன்னும் சில வருடம் ஆகும், அவ்வளவே.

இப்போது அதே பெட்டியை 75 செ.மீ. மேசை மேல் வைப்போம். உடலோடு ஒட்டி எடுக்கும்படி மேசையின் விளிம்புக்கு இழுத்துக்கொள்ளலாம். திருப்பம் வேண்டாம், சேருமிடம் நேர் எதிரே. 25 செ.மீ. மட்டும் உயர்த்தினால் போதும். இருபுறமும் நல்ல கைப்பிடி. அடுக்கடுக்காகத் தூக்குவதற்கான 0.75 மட்டும் மிஞ்சுகிறது, வரம்பு 17.25 கிலோ ஆகிறது. 25 கிலோ பெட்டியை 15 கிலோவுக்கு மிகாத பெட்டிகளாகப் பிரித்துக் கட்டினால் பெரும்பாலோருக்குள் அடங்கிவிடும். செலவு: ஒரு மேசையும் சின்ன அட்டைப்பெட்டிகளும்.

ஒரு எச்சரிக்கை. வழுக்கும் தரை, ஒற்றைக் கைத் தூக்கல், உட்கார்ந்தோ மண்டியிட்டோ தூக்குவது, ஆளைத் தூக்குவது ஆகியவற்றுக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே போடக் கூடாது.

ஜூன் 5

ஆளைத் தூக்குவது என்று எழுதியதும் செவிலியர் நினைவு வராமல் போகாது. உலகெங்கும் பெரும்பாலும் பெண்களே பார்க்கும் தொழில் இது. முதுகுவலியில் கட்டுமானத் தொழிலாளிக்குச் சற்றும் குறையாத தொழிலும் இதுதான். ஆனாலும் 'கனரக வேலை' என்று எந்தப் பட்டியலிலும் எளிதில் ஏறாது.

நோயாளியைக் கையால் தூக்க, நிலைமை சாதகமாக இருந்தாலும், நியாஷ் வழிகாட்டல் சொல்லும் வரம்பு சுமார் 16 கிலோ. 80 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 13 கிலோ. கட்டுப் போட ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாலே வரம்பை நெருங்கிவிடுகிறோம். பெட்டியைப் போல மனிதனைப் பிரித்துக் கட்ட முடியாது. அவருக்குக் கைப்பிடியும் கிடையாது, நடுவழியில் துள்ளவும் செய்வார்.

செய்ய வேண்டிய வரிசை: கட்டிலின் சக்கரங்களைப் பூட்டு. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்று. வழுக்குத் துணியை நோயாளியின் அடியில் உருட்டி நுழைத்துவிடு. தூக்குவதை இழுப்பதாக மாற்று. எழுந்து நிற்கவே முடியாதவருக்குத் தூக்கி இயந்திரம். அதில் அதிகம் நடக்கும் தவறு, தூக்கும்போது இயந்திரத்தின் சக்கரங்களையும் பூட்டிவிடுவது. பெரும்பாலான நகரும் தூக்கிகளில் அவை விட்டிருக்க வேண்டும்; எடை ஏறும்போது அது தானே நகர்ந்து நோயாளிக்கு நேர் மேலே வந்து நிற்கும். பூட்டினால் நோயாளியைத் தாங்கும் துணித் தொட்டில் ஊஞ்சலாடும்.

ஆண் செவிலியர் இருக்கும் வார்டில் இன்னொரு கேடு. 'நீங்க கொஞ்சம் வாங்க' என்று ஒவ்வொரு தூக்கலுக்கும் அவரையே கூப்பிடுவார்கள். அவரே தூக்கி இயந்திரம் ஆகிவிடுகிறார். எல்லோருக்கும் பகிர்ந்திருக்க வேண்டிய சுமை ஒரே முதுகெலும்பில் இறங்குகிறது.

ஜூன் 9

மேசை வேலையும் ஒருவருக்கே எழுதி வைத்ததல்ல. தொலைபேசி இணைப்பகங்களில் முதலில் பதின்வயதுப் பையன்களைத்தான் வைத்தார்கள். அவர்கள் வாடிக்கையாளரிடம் துடுக்காகப் பேசியதால் 1878-இல் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை அமர்த்தினார்கள், சீக்கிரமே அது பெண்கள் தொழில் ஆனது. 1946-இல் அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த முதன்மைக் குழுவில் இருந்த ஆறு பேரும் பெண்கள். அமெரிக்காவில் 1984-இல் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள். பிறகு அது பாதியாக இறங்கியது. இந்த இடைவெளிகளில் யாருடைய உடம்பும் மாறவில்லை.

ஜூன் 10

விருப்பம் என்பதைத் தள்ளிவிட முடியாது. 2009-இல் சூ, ரவுண்ட்ஸ், ஆம்ஸ்ட்ராங் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தொழில்விருப்பத் தேர்வுகளைத் தொகுத்தார்கள். பொருள்களோடு வேலை செய்யும் ஆசை, மனிதர்களோடு வேலை செய்யும் ஆசை என்ற அளவுகோலில் ஆண், பெண் இடைவெளி 0.93 திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி ஆட்கள் எவ்வளவு பரவியிருக்கிறார்கள் என்பதன் அலகு). உளவியலில் இது பெரிய எண்.

பெரிய எண்தான், ஆனால் அதை வைத்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி என்ன சொல்லலாம்? ஆண்களின் பரவலையும் பெண்களின் பரவலையும் வரைந்தால் வரும் இரண்டு வளைவுகளும் மணி வடிவில் இருப்பதாகக் கொண்டால், 64 சதவீதம் ஒன்றின் மேல் ஒன்று படிகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்தால், ஆண் பொருள் பக்கம் அதிகம் சாய்ந்திருக்க வாய்ப்பு நான்கில் மூன்று. மீதி ஒரு பங்கில் தொழில் ஆலோசகர் ஆளைப் பார்க்காமல் சராசரியைப் பார்த்துப் பேசினால், மெக்கானிக் ஆக வேண்டியவளை வரவேற்பு மேசையில் உட்கார வைத்துவிடுவார்.

வேறுபாடு எவ்வளவு என்பதை அந்தத் தொகுப்பு சொல்கிறது. எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை. கேள்வித்தாளையும் கவனிக்க வேண்டும். 'இயந்திரம் பிடிக்குமா' என்பதற்குக் காரையும் லேத்தையும் காட்டிக் கேட்டால் ஒரு விடை வரும், தையல் இயந்திரத்தைக் காட்டிக் கேட்டால் இன்னொரு விடை வரும். ஸ்ட்ராங் விருப்பத் தேர்வு என்ற தொழில்விருப்பக் கேள்வித்தாள் ஒரு காலத்தில் ஆணுக்கு நீலத் தாள், பெண்ணுக்கு இளஞ்சிவப்புத் தாள் என்றே அச்சானது. 1974-இல்தான் ஒரே தாளாயிற்று.

நடைமுறைக் குறிப்பு: தேர்வு முடிவில் இரண்டு ஒப்பீடு கேட்டு வாங்குங்கள். ஒன்று எல்லோரோடும், மற்றொன்று தன் பாலினத்தவரோடு. பொது ஒப்பீட்டில் 'நடுத்தரம்' என்று வரும் பெண்ணின் இயந்திர விருப்பம், பெண்களோடு ஒப்பிட்டால் உச்சியில் நிற்கலாம். அந்த எண்ணைச் சொல்லாமல் விடுவது பெரிய பிழை.

ஜூன் 11

சின்னதாக ஒன்று. உளவியலாளர் லிண்டா காட்ஃபிரட்சன் 1981-இல் எழுதிய கோட்பாட்டின்படி, 6 முதல் 8 வயதுக்குள் குழந்தை 'இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை' என்று பிரித்துவிடுகிறது. தன் விருப்பம் என்ன என்று உள்ளுக்குள் பார்ப்பது 14-க்குப் பிறகு. கோட்பாட்டின் எல்லாப் பகுதியும் ஆய்வில் தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பதினேழு வயதில் கையில் கொடுக்கும் தொழில் வழிகாட்டிப் புத்தகம் எவ்வளவு தாமதமானது என்பது இதில் தெரிகிறது.

ஜூன் 16

உடல்தகுதித் தேர்வு. இங்கேதான் பாகுபாடு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் ஏற்கெனவே நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் டானி மியோரின். புதிதாக வந்த தேர்வில் 2.5 கி.மீ. தூரத்தை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். அவர் எடுத்தது 11 நிமிடம் 49.4 நொடி. வேலை போயிற்று. 1999-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்த அளவுகோல் வேலையைப் பாதுகாப்பாகச் செய்யத் தேவை என்று அரசு நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது.

தவறு எங்கே நுழைந்தது? வேலையில் இருப்பவர்களை அளந்து, அவர்களிடம் கண்டதைக் குறைந்தபட்சத் தேவை என்று எழுதிவிட்டார்கள். இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருக்கும்போது சராசரி எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரியான வழி நீளமானது. முதலில் வேலையின் முக்கியப் பணிகளைப் பட்டியலிட வேண்டும்: குழாயை எத்தனை மீட்டர் இழுக்கிறார்கள், எவ்வளவு எடை, எத்தனை முறை. அடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் விசையைத் தராசு வைத்து அளக்க வேண்டும். பிறகு அந்தப் பணியையே ஒத்த தேர்வை அமைத்து, ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்த ஆணும் பெண்ணும் அதில் தேறுகிறார்களா என்று பார்க்க வேண்டும். புஷ்-அப் எண்ணிக்கை எந்தத் தீயையும் அணைக்காது. வட அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் பல பயன்படுத்தும் தேர்வில் எட்டுப் பணிகளை 10 நிமிடம் 20 நொடிக்குள், உடுப்பின் எடைக்கு ஈடாக சுமார் 22.7 கிலோ மேற்சட்டையோடு முடிக்க வேண்டும். கடினம்தான், ஆனால் கேட்பது வேலை கேட்பதையே. தேர்வுக்கு முந்திய வாரங்களில் அதே கருவிகளில் பழகிப் பார்க்க வாய்ப்புத் தருவதும் அதன் பகுதி. பளு தூக்கிப் பழகாதவர்களுக்கு இந்த வாரங்கள் மிகவும் உதவும்.

ஜூன் 17

கருவிகள், கவசங்கள்.

100 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டிய போல்ட். 25 செ.மீ. ஸ்பேனரில் 400 நியூட்டன் அழுத்த வேண்டும், அதாவது 40 கிலோவை ஒரு கையில் தொங்கவிடுவது போல. 50 செ.மீ. கைப்பிடியில் அது 200. கூடவே டார்க் ரெஞ்சும் வேண்டும்; நீளக் கைப்பிடியில் மிகை முறுக்கினால் மரை அறுந்துவிடும்.

இடுக்கி போன்ற இரட்டைப் பிடிக் கருவிகளில் விரிந்த நிலையில் 9 செ.மீ.க்கு மேல், மூடிய நிலையில் 5 செ.மீ.க்குக் கீழ் போகக் கூடாது. சிறிய கைக்கு 11 செ.மீ. விரியும் கம்பி வெட்டியைக் கொடுத்துவிட்டு 'பலம் பத்தல' என்று சொல்வது நியாயமில்லை. விரல் நுனியில் பிடித்தால் யாருக்கும் பலம் வராது.

கையுறை: பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும். ஐரோப்பிய அளவுமுறையில் 178 மி.மீ. என்றால் 7, 229 என்றால் 9. கிடங்கில் 9-உம் 10-உம் மட்டும் வாங்கி வைப்பது வழக்கம். விரல் நுனியில் தொங்கும் துணி சுழலும் கருவியில் சிக்கும்.

உயரத்தில் வேலை செய்வோர் மாட்டும் பாதுகாப்பு வார்: முதுகு வளையம் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நிற்க வேண்டும். தொடை வாரில் விரித்த கை நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. பெரிய வாரை இறுக்கிக் கட்டினால் வளையம் இடுப்புக்கு இறங்கும். விழுந்தால் உடல் தலைகுப்புறச் சாயும். அதைக் கழற்றாமல் கழிப்பறை போக முடியாது என்பதால் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள். விளைவு சிறுநீர்த் தொற்று, வெயிலில் மயக்கம். தொடை வாரைத் தனியே அவிழ்க்கும் வகையும், எட்டும் தூரத்தில் கழிப்பறையும் இருந்தால் போதும். முகக்கவசத்தையும் ஆள் ஆளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். இங்கே தாடி வைத்த ஆணும் தோற்பார், கசிவு ஒன்றுதான்.

ஜூன் 23

மேசையும் ஆணுக்கு அளந்ததுதான். வழக்கமான மேசை 72 முதல் 75 செ.மீ. உயரம். 155 செ.மீ. உயரமுள்ளவரின் முழங்கால் மடிப்பு சுமார் 38 செ.மீ., அதற்கு மேல் முழங்கை சுமார் 23. செருப்பையும் சேர்த்தால் அவருக்கு வேண்டிய மேசை 63, 64 செ.மீ. நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும், இறக்கினால் தோள் தூக்கி நிற்கும். மேசையை இறக்க முடியாவிட்டால் நாற்காலியை ஏற்றிப் பாதப் பலகை போடுங்கள். எண்கள் தனியாக இருக்கும் 45 செ.மீ. விசைப்பலகை, தோள் அகலம் குறைந்தவரின் மவுஸ் கையை வெளியே தள்ளும். எண் பகுதி இல்லாத 36 செ.மீ. பலகை எடுத்தால் தோள்வலி குறையக்கூடும்.

அலுவலகக் குளிரூட்டலும் அப்படித்தான். அதற்கு அடிப்படையான கணக்கு 40 வயது, 70 கிலோ ஆணின் உடல் வெப்பத்தை வைத்துப் போட்டது என்று 2015-இல் ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது.

ஜூன் 26

ஈயம். அமெரிக்காவில் பேட்டரி செய்யும் ஒரு நிறுவனம், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களை ஈயம் படும் வேலைகளிலிருந்து மொத்தமாக விலக்கியது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. ஈயம் ஆணின் விந்தணுவையும் கெடுக்கும் என்பதை அந்த விதி கண்டுகொள்ளவே இல்லை. காற்றோட்டத்தைச் சரிசெய்து, இரத்தத்தில் ஈய அளவை எல்லோருக்கும் குறித்த இடைவெளியில் சோதித்து, வரம்பு மீறினால் ஊதியம் குறையாமல் வேறிடத்துக்கு மாற்றுவதுதான் முறை. கர்ப்ப காலத்தில் தூக்கும் வரம்பு தனி: வயிறு முன்னால் வர வர, சுமை உடலைவிட்டு விலகுகிறது. ஜூன் 4 கணக்கில் தொலைவுப் பெருக்கி எப்படிச் சரிந்தது என்று பாருங்கள். அதோடு கர்ப்பிணிகளுக்கென்று நியாஷ் தனியாக வெளியிட்ட அட்டவணையையும் பார்த்தே எடை குறிக்க வேண்டும்.

ஜூன் 30

வேலையிடத்தை நேரில் பார்க்கப் போகும் இளைஞர், ஆணோ பெண்ணோ, கேட்க வேண்டியவை: ஒரு நாளில் தூக்கும் அதிகபட்ச எடை எவ்வளவு, எந்த உயரத்திலிருந்து? தள்ளுவண்டி எங்கே இருக்கிறது, சக்கரம் சுழல்கிறதா? (மூலையில் தூசி படிந்து நின்றால் யாரும் பயன்படுத்துவதில்லை என்று அர்த்தம்.) என் அளவில் காலணி, கையுறை இருக்கிறதா, அல்லது தருவித்துத் தருவீர்களா? கழிப்பறைக்கு எத்தனை நிமிட நடை? இந்தப் பிரிவில் என்னைப் போல இன்னும் எத்தனை பேர்? குழுவில் 15 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் தனித்துத் தெரிவார்கள், ஒவ்வொரு பிழையும் அவர்களுடைய பாலினம் முழுவதன் பெயரில் எழுதப்படும் என்று சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977-இலேயே விளக்கினார். ஆகவே வேலை கொடுப்பவர் ஒரு பெண்ணைப் பட்டறைக்கும், ஓர் ஆணைக் குழந்தைகள் காப்பகத்துக்கும் தனியாக அனுப்புவதைவிட, இரண்டு மூன்று பேரை ஒரே ஷிஃப்டில் சேர்த்துப் போடுவது நல்லது.