.17 ரவையும் பனிக்காலக் கீழ்த்தளமும்

ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் துவக்கு என்பது சீருடையோடு சேர்ந்த சொல். அல்பேர்ட்டாவிலோ சஸ்காச்சுவானிலோ குடியேறி ஒரு பருவம் கழிந்ததும், அதே பொருள் மண்வெட்டி போல ஒரு கமக்காரரின் வண்டியில் கிடப்பதைக் காணலாம். புல்வெளி மாகாணங்களில் 'கோபர்' என்று சொல்லும் ரிச்சர்ட்சன் தரை அணில் பயிரைத் தின்னும், மேய்ச்சல் நிலமெங்கும் வளை தோண்டும். அந்தக் குழிகளில் மாட்டின் கால் முறியும் என்ற பயம் கமக்காரர்களுக்கு எப்போதும் உண்டு. இந்தச் சின்னப் பிராணிக்கென்றே பலர் வைத்திருப்பது 4.37 மில்லிமீற்றர் சன்னம் போகும் .17 ரைபிள். சுட்ட கோதில் மறுபடி மருந்து நிரப்பி அதற்கான ரவையை வீட்டிலேயே செய்வது, அதாவது ரீலோடிங், பற்றியதே இது. ரவையில் நான்கு பாகம்: பித்தளைக் கோது, அடிபட்டதும் பற்றும் பிரைமர், எரியும் மருந்து, முன்னால் பறக்கும் சன்னம்.

முதலில் உரிமம். கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 80 சதவீதம் எடுக்க வேண்டும். விண்ணப்பம் கனடாவின் மத்திய பொலிசான ஆர்.சி.எம்.பி.க்குப் போகும். இரண்டு பேர் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. உரிமம் ஐந்து வருடத்துக்குச் செல்லும். ரவை வாங்கவும் அதையே காட்ட வேண்டும். வாடகைக் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் ரவை நிரப்பும் மேசை போடுமுன் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், வீட்டுக் காப்புறுதியில் இதைப்பற்றி என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்.

.17 எல்லாமே வீட்டில் நிரப்பக் கூடியவை அல்ல. 2002இல் வந்த .17 எச்.எம்.ஆர். விளிம்பில் அடிபட்டு வெடிப்பது. பற்றும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கும், ஒருமுறை நசுங்கினால் கோதுக்கு வேறு வேலையில்லை. நிரப்பலாம் என்பது நடுவில் பிரைமர் உள்ள வகை: 1971இல் வந்த .17 ரெமிங்டன், .22 ஹோர்னெட் கோதிலிருந்து உருவான .17 ஹோர்னெட் போன்றவை. ரீலோடிங் பழக இவற்றோடு தொடங்காதீர்கள். சற்றுப் பெரிய .223 கோதில் சில நூறு ரவை நிரப்பிக் கை பழகிய பிறகு இதற்கு வருவதே சரி. காரணம் கணக்கில் இருக்கிறது. கிரெயின் என்பது மருந்தையும் சன்னத்தையும் நிறுக்கும் சிற்றலகு, ஏறத்தாழ 0.065 கிராம். ஐம்பது கிரெயின் மருந்து கொள்ளும் பெரிய கோதில் 0.2 கிரெயின் பிசகினால் அது ஆயிரத்துக்கு நான்கு பங்கு. பத்துப் பன்னிரண்டு கிரெயின் மட்டுமே கொள்ளும் ஹோர்னெட்டில் அதே பிசகு நூற்றுக்கு இரண்டு பங்கு. மருந்தின் அளவை அச்சில் வெளிவந்த ரீலோடிங் கையேட்டிலிருந்தே எடுங்கள். தொடக்க அளவில் ஆரம்பித்து 0.2 கிரெயினுக்கு மேல் ஒரே தாவலில் ஏறாதீர்கள். ஒரே எண் கொண்ட பெயரை நம்பி மருந்தை மாற்றவும் கூடாது: ஐ.எம்.ஆர். 4895உம் எச்4895உம் வெவ்வேறு மருந்துகள், ஒன்றின் அளவு மற்றதுக்குப் பொருந்தாது.

பனிக்காலத்தில் பலரை வதைப்பது தராசு. ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் உலை) ஓடும் வீட்டில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். பிளாஸ்ரிக் புனலில் நிலைமின்னேற்றம் ஏறி மருந்துத் துணுக்குகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும், மின்தராசின் எண்ணும் நிலைக்காது. உடுப்பு உலர்த்தியில் போடும் தாளால் புனலையும் தட்டையும் துடைத்தால் பெருமளவு நிற்கும். சூடான காற்று வரும் துவாரத்துக்கு எதிரே தராசை வைக்காதீர்கள், மெல்லிய காற்றே எண்ணை ஆட்டும். அரை மணி நேரம் சூடேற விட்டு, சோதனை எடைக்கல் வைத்துப் பார்த்து, பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

அடுத்தது கழுத்து. .17 கோதின் வாய் அவ்வளவு ஒடுக்கமானதால் சாதாரணப் புனல் அதில் உட்காராது, .17க்கென்றே புனல் வேண்டும். நீளக் குச்சித் துணுக்கு மருந்து புனலடியில் பாலம் போட்டு அடைத்துக்கொள்ளும். ஒரு கோதில் பாதி விழும், மீதி அடுத்த கோதில் சேரும். முன்னது குறை, பின்னது மிகை. உருண்டைத் துணுக்கு மருந்தும் குறுகிய வெட்டு மருந்தும் நன்றாக வழியும். எதுவானாலும் புனலை மெல்லத் தட்டுங்கள். ஐம்பது கோதையும் தட்டில் நிறுத்தி, சன்னம் வைக்குமுன் டோர்ச் அடித்து ஒவ்வொன்றின் மட்டத்தையும் பாருங்கள். மருந்தே இல்லாத கோது மிக ஆபத்து. பிரைமர் மட்டும் வெடித்துச் சன்னத்தைக் குழலின் நடுவே தள்ளி நிறுத்தும், அடுத்த ரவை போட்டால் குழல் பிளக்கும். சத்தம் மெலிந்து கேட்டால் உடனே நிறுத்தி, துவக்கை இறக்கி, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பின்தான் அடுத்தது.

சுட்டு விரிந்த கோதைப் பழைய அளவுக்குச் சீராக்கும் அச்சில் பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி .17 கழுத்துக்குள் நுழைய வேண்டியதால் மெலிதாகவே இருக்கும். கோணலாக இழுத்தால் வளையும், உடையும். மாற்று ஊசி இரண்டு கைவசம் வைத்திருங்கள். கோதின் வெளிப்புறத்தில் மசகு கூடினால் அதன் தோளில், அதாவது கழுத்தை நோக்கிச் சரியும் பகுதியில், குழி விழும், குறைந்தால் கோது அச்சுக்குள் இறுகிப் போகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கோது நீளும். .17 ரெமிங்டனுக்கு உச்ச நீளம் 1.796 அங்குலம். தாண்டியதைச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் துவக்கில் ரவை உட்காரும் அறையின் முனையில் வாய் நெரிந்து சன்னத்தை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும். சீவிய வாயின் உள்விளிம்பைச் சாய்த்து மழுக்குங்கள். இருபது இருபத்தைந்து கிரெயின் சன்னம் அரிசிமணிபோல விரலில் நில்லாது. சரிவாக உட்கார்ந்தால் மெல்லிய கழுத்து சுருங்கிவிடும், அல்லது சன்னத்தின் செம்பு உறை சீவிப் போகும். ரைபிளுக்கான சிறிய பிரைமரையே போடுங்கள். கைத்துப்பாக்கி பிரைமரின் உலோகம் மெலிது, இந்த அழுத்தத்தில் துளைபடும்.

தை மாதம் மைனஸ் இருபதில் சோதித்த அளவு ஆடி வெயிலில் அதே அழுத்தத்தில் இருக்காது. பல மருந்துகள் சூட்டில் விரைவாக எரியும். உச்சத்துக்கு அருகே போன குளிர்கால ரவை கோடையில் போல்ற்றை (துவக்கின் பின்னடைப்பை) இறுக்கினால் அதை ஒதுக்குங்கள். தட்டையான பிரைமர் மட்டுமே மிகை அழுத்தத்தின் அடையாளம் என்று நம்பாதீர்கள், சிறிய கோதில் அது பிந்தித்தான் காட்டும். வெளியே குளிரில் இருந்த துவக்கை உள்ளே கொண்டுவந்தவுடன் பெட்டியைத் திறந்தால் உலோகத்தில் நீர் படியும், துருவும் பிடிக்கும். பெட்டியோடு வைத்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

சன்னம் விநாடிக்கு 1,200 மீற்றரை ஒட்டிய வேகத்தில் போவதால் குழலில் செம்பு படியும். பழைய குழல்களில் இருபது தடவை சுட்டதுமே சன்னங்கள் குறியில் சிதறி விழத் தொடங்கும். .17க்கென்று செய்த மெல்லிய துப்புரவுத் தடியைப் பின்புறமிருந்து வழிகாட்டிக் குழாய் வழியே மட்டும் செலுத்துங்கள்.

பிரைமர் அதன் சொந்தத் தட்டிலேயே இருக்கட்டும். போத்தலில் கொட்டிக் குவித்தால் ஒன்று வெடிக்க எல்லாம் வெடிக்கும். மருந்தும் அதன் சொந்தக் கலனிலேயே இருக்கட்டும், இரும்புப் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைப்பது அதைக் குண்டாக்குவது. மேசையில் ஒரே நேரத்தில் ஒரே மருந்துதான். ஈயம் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள், பிள்ளைகளை மேசையருகே விடாதீர்கள். நிரப்பிய ரவை உங்கள் பாவனைக்கு மட்டுமே, விற்பதற்கு வேறு உரிமம் தேவை. பெட்டியின் மேல் திகதி, மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும், எடை, சன்னம், பிரைமர், சோதித்த நாளின் வெப்பநிலை ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். எழுதாத பெட்டியை அடுத்த வருடம் நீங்களே அடையாளம் காண மாட்டீர்கள். அதைச் சுட வேண்டாம், சன்ன இழுப்பானால் கழற்றிவிடுங்கள்.