செவலையோடு ஆனி, ஆடி

ஜூன் 16

என் குதிரைக்குட்டி செவலை வீட்டுக்கு வந்து இன்றோடு பத்து நாள். இந்தப் பத்து நாளும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், தண்ணி வைக்கிறது யார், புல் போடுகிறது யார் என்று மட்டும் அதற்குத் தெரியட்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அதனால் வாளியோடு போவேன், கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன், எழுந்து வந்துவிடுவேன். மாமா ஒரு காலத்தில் வீரவநல்லூர் ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டியவர். ஆட்டோ வந்த பிறகு வண்டியை விற்றுவிட்டார், அந்த வண்டியின் விளக்கு மட்டும் இன்னும் எங்கள் வீட்டுத் தார்சாவில் தொங்குகிறது.

செவலை பெண்குட்டி. ஒன்றரை வயசு என்று சொல்லித்தான் விற்றார்கள். மாமா உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, முன்பல் எல்லாம் பால்பல், ஒன்றுகூட விழுந்து முளைக்கவில்லை, அப்படியானால் இரண்டரை ஆகவில்லை, சரிதான் என்றார். தாய் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கினது. காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றை ஒன்று தொடப் பார்ப்பதால் கத்தியவாரி என்கிற குஜராத் குதிரை இனத்து ரத்தம் இருக்கும் என்று நினைக்கிறேன். கழுத்தடியில் இருக்கிற ஒரு சுழியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனதால்தான் எனக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைத்தது. சுழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த இடத்தில் சொறிந்துவிட்டால் மேலுதட்டை நீட்டிக்கொண்டு கண் சொருகி நிற்கிறது, எனக்குத் தெரிந்து அந்தச் சுழிக்கு அவ்வளவுதான் பலன்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் எப்போது ஏறப்போகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். இப்போதைக்கு இல்லை. குதிரைக்கு முதுகெலும்பு முழுசாக முற்றுவதற்கு ஐந்து, ஆறு வயசு ஆகிவிடும். மூன்று வயசு தாண்டாமல் முதுகில் எதையும் வைக்கப்போவதில்லை. அதுவரைக்கும் நானும் அதுவும் தரையில்தான்.

ஜூன் 17

முதல் பாடம். வாய்க்குள் இரும்பு எதுவும் கிடையாது, முகத்தில் ஹால்டர் என்கிற ஒரு முகக்கயிறு, பிடித்து நடத்தப் பன்னிரண்டு அடிப் பருத்திக் கயிறு, அவ்வளவுதான். முன்னால் நடக்க வைக்க வேண்டும். நான் கயிற்றை இழுத்தேன். அது பின்னால் இழுத்தது. நான் இன்னும் இழுத்தேன், அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு தலையை வானத்துக்குத் தூக்கியது.

மாமா திண்ணையிலிருந்தே சொன்னார்: “எம்மா, அது மாடு இழுக்க கைம்மா. குதிரைட்ட அப்படி இழுத்தா நீதான் விழுவ. ரெண்டு விரலால கேளு. கேட்டுட்டுச் சும்மா நில்லு.”

நின்றேன். கயிறு தொய்யாமல் இருக்கிற அளவுக்குத்தான் பிடி. அரை நிமிஷத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அதன் இடது முன்னங்கால் முட்டி லேசாகத் தளர்ந்தது, எடை கொஞ்சம் முன்னால் வந்தது, குளம்பு இன்னும் தரையை விட்டு எழும்பவே இல்லை. அந்த நொடியிலேயே விட்டுவிட்டேன். அது கண்ணைக் கொட்டியது, வாயை மென்றது, பெருமூச்சு ஒன்று விட்டது. இரண்டாம் தடவை கேட்டதும் ஒரு எட்டு வைத்தது. ஏழாவது தடவை கயிறு இறுகுவதற்கு முன்னாலேயே என்னோடு நடந்துவிட்டது.

இழுக்கிறதில் அது ஒன்றும் படிக்கவில்லை, விடுகிறதில்தான் படிக்கிறது. ஒரு நொடி தாமதித்து விட்டேன் என்றால் அதற்குள் அது தலையைத் தூக்கியிருக்கும், தலையைத் தூக்கினால் விட்டுவிடுவாள் என்றுதான் அதற்குப் பாடம் பதியும். இதை இன்றைக்குக் கையில் உணர்ந்தேன்.

ஜூன் 20

பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் கிடையாது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நன்றாகச் செய்கிறதே என்று இன்னொரு தடவை கேட்கிற ஆசையைத்தான் அடக்க முடியவில்லை.

ஜூன் 24

பின்னங்காலை நகர்த்துகிற பாடம். விலாவுக்குப் பக்கத்தில் நின்று, அதன் இடுப்பைப் பார்த்தபடி கொஞ்சம் குனிந்தால் அது பின்பக்கத்தை அந்தண்டை நகர்த்திவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும். இது வெறும் வேடிக்கை இல்லை. பின்பக்கத்தின் பலம்தான் குதிரைக்கு ஓட்டம், உதை எல்லாமே, அதை நான் சொல்கிற பக்கம் நகர்த்தப் பழகிவிட்டால் மிரண்டாலும் நிறுத்த ஒரு வழி இருக்கிறது. மூன்று நாளில் கை படாமலேயே நகர்ந்தது. சந்தோஷமாக வலப்பக்கம் போய் அதையே கேட்டேன். ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கிறது! முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. மாமா இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. “அந்தப் பக்கம் வேற குதிரைன்னு நெனச்சுக்கோ” என்றார்.

ஜூன் 28

வலது உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. மூன்று நாளாகக் காற்று. இந்தப் பக்கத்து ஆனிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கன்னடியன் கால்வாய்க் கரையில் தென்னைமரம் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கிறது. நாற்றங்காலில் கிடந்த ஒரு காலி உரச்சாக்கு பறந்து செவலைக்குப் பின்னால் வந்து விழுந்தது. குதிரைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும், தெரியாத இடம் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான், சாக்கு விழுந்தது அந்த வால்பக்கத்தில். பாய்ந்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று தெரிந்ததால் சுற்றவில்லை, அதனால் விரல் தப்பியது, ஆனால் விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்ததால் பன்னிரண்டு அடியும் உள்ளங்கையை உருவிக்கொண்டு போனது.

அது கால்வாய்க் கரை வரைக்கும் ஓடி, நின்று, திரும்பி, என்னைப் பார்த்துக் கனைத்தது. போய்ப் பிடித்தேன். கை எரிந்தது. அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பயந்ததற்கு அடித்தால் இனிமேல் சாக்குக்கும் பயப்படும், எனக்கும் பயப்படும்.

ஜூலை 2

அதே உரச்சாக்கு. இருபதடி தள்ளி மாமா கையில். அது காதை விறைத்துப் பார்க்கும், மாமா அசையாமல் நிற்பார், காது தளர்ந்ததும் மாமா சாக்கை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுவார். பயந்த பொருள் தானாகவே விலகிப் போகிறது என்றால் அதற்குத் தைரியம் வருகிறது, அதுவே இரண்டு எட்டு பின்தொடர்ந்து போய்ப் பார்க்கிறது. நாலாவது நாள் சாக்கை மூக்கால் தள்ளிவிட்டது. இப்போது முதுகில் போட்டுத் தேய்த்தாலும் புல் தின்கிறது.

ஜூலை 5

வித்தை ஒன்று தொடங்கியிருக்கிறோம். நாத்தனார் மகனுக்கு அதுதான் வேண்டுமாம், அவன் ஏழாவது படிக்கிறான், தினம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தொழுவத்துக்குத்தான் வருகிறான்.

ஒரு கம்பு நுனியில் சிரட்டை. அதை நீட்டினால் செவலை மூக்கால் தொட வேண்டும். தொட்டதும் நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம், சத்தத்துக்கு அப்புறம் கேரட் துண்டு. கேரட் கொடுக்கக் கை போய்ச் சேர்வதற்குள் அது வேறு எதையாவது செய்துவிடும், சத்தம் மட்டும் சரியான நொடியில் போய்ச் சேரும். கயிற்றை விடுகிற வேலையை இங்கே இந்த ‘டக்’ செய்கிறது. பையன் இதை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். இரண்டே நாளில் சிரட்டையைத் தரையில் வைத்தால் தரைக்கு, திண்ணையில் வைத்தால் திண்ணைக்கு, பின்னாலேயே போகிறது. இனி வண்டியில் ஏற்ற வேண்டி வந்தால் இழுத்து ஏற்ற வேண்டாம், சிரட்டையை உள்ளே காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு விதி: மடியையோ கையையோ மூக்கால் இடித்தால் கேரட் கிடையாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நின்றால்தான் உண்டு. ஆளுக்கு ஆள் கையில் வைத்துக்கொண்டு ஊட்டினால் ஒரு மாதத்தில் கடிக்கிற குதிரை ஆகிவிடும்.

ஜூலை 10

கை கொடுக்கிற வித்தை. முட்டிக்குப் பின்னால் லேசாகத் தொட்டால் முன்னங்காலைத் தூக்கும். பையனுக்கு ஒரே குஷி. இன்று காலை நான் புல் எடுத்துக்கொண்டு போகிறேன், யாரும் கேட்காமலேயே காலைத் தூக்கி வீசுகிறது, குளம்பு என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அதற்குக் கேரட் வேண்டும், கேரட் வந்த வழி தெரியும், அதைச் செய்கிறது. தப்பு எங்கள் பேரில்தான், கேட்காமல் தூக்கினதற்கும் இவன் இரண்டு தடவை கொடுத்திருக்கிறான். அந்த வித்தையை நிறுத்தியாகிவிட்டது. பையன் முகம் சுண்டிப்போனது. “ஏன் அத்தை, அது நல்லாத்தானே செய்யுது?” என்றான். நன்றாகச் செய்வதுதான் பிரச்சினை. இன்றைக்கு இது நூற்றைம்பது கிலோவுக்கு மேல், நாளைக்கு முந்நூறு கிலோ. அவன் தலை உயரத்துக்கு அது காலைத் தூக்கும்.

ஜூலை 15

காலைத் தட்டிக் கணக்குச் சொல்கிற வித்தை வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, ஒரு ஜெர்மன் குதிரையின் கதையைச் சொன்னேன். பெர்லினில் வில்ஹெல்ம் வான் ஓஸ்டன் என்கிற கணக்கு வாத்தியார் ஹான்ஸ் என்று ஒரு குதிரை வைத்திருந்தார். கூட்டல், கழித்தல் எது கேட்டாலும் குளம்பைத் தட்டி விடை சொல்லும், ஊரே திரண்டு வந்து பார்த்தது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்துப் பார்த்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்கிறவர் தன்னை அறியாமலே தலையைத் துளி நிமிர்த்துகிறார், ஹான்ஸ் அதைப் பார்த்து நிறுத்துகிறது. ஏமாற்று வேலை இல்லை, அந்த வாத்தியாருக்கே அது தெரியாது.

ஏமாந்துவிட்டார்களே என்றுதான் பையன் நினைத்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேர் கண்ணுக்கும் தப்பின ஒரு அசைவு அந்தக் குதிரைக்குத் தெரிந்திருக்கிறது, கணக்குப் போடுவதைவிட அது பெரிசு. இன்று சாயங்காலம் சோதித்தேன். செவலையோடு நடந்துகொண்டே கயிற்றைத் தொடாமல், நில் என்று சொல்லாமல், மூச்சை மட்டும் வெளியே விட்டுத் தோளைத் தளர்த்தினேன். நின்றது. ஐந்தில் நாலு தடவை நின்றது. ஐந்தாவது தடவை நான் அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21

29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை தெரு அம்மன் கோயில் கொடை. சாமி வரும்போது குதிரையை முன்னால் விட்டால் நன்றாயிருக்கும் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். மாட்டேன் என்றேன். நையாண்டி மேளமும் வேட்டும் கூட்டமும் ஒரே நேரத்தில், ஒன்றரை வயசுக் குட்டிக்கு! மாமாவுக்குக் கொஞ்சம் சங்கடம், ஊர்க்காரர்கள் கேட்டது. ஆனாலும் என் பக்கம்தான் நின்றார்.

அதோடு படைப்புச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எதையும் குட்டிக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தின்னக் கூடாததைத் தின்றால் வயிற்றுவலி வந்து உயிரே போய்விடும். நம் தாமிரபரணி கடலில் சேருகிற காயல் துறையில் பாண்டியருக்காக ஆயிரக்கணக்கில் வெளிநாட்டுக் குதிரைகள் வந்து இறங்கினதையும், பராமரிக்கத் தெரியாமல் வருஷத்துக்குள் பெரும்பாலும் செத்துப்போனதையும், இறைச்சி கலந்த சோறு போட்டதையும் 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். முதன்முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. கப்பலில் அவ்வளவு தூரம் வந்து, சோற்றைத் தின்று செத்திருக்கின்றன.

ஜூலை 25

போனில் மேளச் சத்தம். முதல் நாள் வேலி ஓரத்தில் மெதுவாக, புல் தின்கிற நேரத்தில். தலையைத் தூக்கினால் சத்தத்தைக் கூட்டுவதில்லை, மறுபடி தின்னத் தொடங்கினால் நிறுத்திவிடுவேன். இன்று முழுச் சத்தத்தில் வைத்தும் தின்றது. நிஜ மேளத்துக்கு நிலம் அதிருமே, அதற்கு என்ன செய்ய?

ஜூலை 30

ராத்திரி தூங்கவில்லை. சாமக்கொடைக்கு மேளம் உச்சத்துக்குப் போனபோது நான் தொழுவத்தில் அதன் கழுத்தோரம் நின்றுகொண்டிருந்தேன், கயிற்றை உருவுமுடிச்சில்தான் போட்டிருந்தேன், இழுத்தால் அவிழும். உடம்பு முழுக்க நடுங்கியது. கழுத்து நனைந்துவிட்டது. அப்புறம் முதல் வேட்டு. சுற்றிப் பாய்ந்தது, என் பக்கம் வந்தது, ஆனால் என்மேல் மோதவில்லை. நான் அதன் இடுப்பைப் பார்த்துக் குனிந்தேன். அந்த இருட்டில், அந்தச் சத்தத்தில், பின்பக்கத்தை நகர்த்திவிட்டு முகத்தை என் பக்கம் திருப்பி நின்றது. மூச்சை விட்டேன். அதுவும் விட்டது. சுழியில் சொறிந்துகொண்டே நின்றேன், வேட்டு முடிகிற வரைக்கும்.

விடிந்து பார்த்தால் மாமா தொழுவத்து வாசலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது.

ஆகஸ்ட் 3

குளம்பு வெட்ட லாடக்காரர் வந்தார். லாடம் இப்போது வேண்டாம், ஓரம் மட்டும் ராவிவிட்டால் போதும், ஏழெட்டு வாரத்துக்கு ஒரு தடவை. முன்னங்கால் இரண்டும் கொடுத்தது, இடது பின்னங்காலும் கொடுத்தது. வலது பின்னங்காலை மட்டும் உதறியது. கயிறு போட்டுக் கட்டித் தூக்கிவிடுவோமா என்று கேட்டார். வேண்டாம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று காலோடு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அந்தக் காலை மட்டும் தொட்டேன். தொடையிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து கீழே. எடையை அந்தப் பக்கம் மாற்றிக் குளம்பு நுனியை ஊன்றியது. விட்டுவிட்டேன்.