தராசும் மலைப்படியும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கெழுதுகிறேன். காலையில் தொழிலாளர்களுக்கு வெள்ளியை நிறுத்துக் கொடுப்பதும், மாலையில் அதைக் கொலுசாகவும், அராவும்போது உதிரும் அரப்பொடியாகவும் நிறுத்து வாங்குவதும் என் வேலை. மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் தராசைத் தொடுவோம். எண்கள் ஆடி அடங்கும்வரை என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கும்.

வெள்ளி விலை ஏற ஏற அந்தப் படபடப்பும் ஏறியது. ஒருநாள் உள்ளங்கை வியர்த்து, மூச்சு முட்டியது. மாரடைப்புதான் என்று முடிவுகட்டி மருத்துவமனைக்கு ஓடினேன். இசிஜி சரியாக இருந்தது. “இது பதற்றம்” என்ற மருத்துவர், மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் மூச்சு வாங்குகிற அளவுக்கு நடக்கவும் சொன்னார். “மூச்சு வாங்குவதுதானே டாக்டர் என் நோயே?” என்றேன். “அதனால்தான்” என்றார்.

அம்மாப்பேட்டை குமரகிரி மலைப்படிகளைத் தேர்ந்தெடுத்தேன். பக்தியால் அல்ல, வீட்டுக்குப் பக்கம் என்பதால். முதல் நாள் பாதி ஏறுவதற்குள் அதே இடி, அதே வியர்வை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பூக்கூடையோடு ஏறிவந்த ஒரு பாட்டி, “மெதுவாக வா சாமி, முருகன் எங்கே ஓடிவிடப் போகிறான்?” என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். வெட்கமாக இருந்தது. சில நிமிடங்களில் இதயம் தானாகவே அடங்கியது. அதுதான் எனக்குப் புதுச் செய்தி. மலையேறினாலும் பயந்தாலும் சுரப்பது அதே அட்ரினலின்தானாம். படியில் அதற்குக் காரணம் தெரிகிறது, தராசின் முன்னால் தெரிவதில்லை.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்கன் அல்லவா, நிமிடங்களையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். முதலாளி மகன் ஞாயிறுதோறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் மிதித்து ஏற்காடு போய்வருகிறார். அவருக்குப் பதற்றமே கிடையாது. வெள்ளி அவர்களுடையது, கணக்கு மட்டும்தானே என்னுடையது! மாத்திரையை நானாக நிறுத்தவில்லை, மருத்துவர்தான் படிப்படியாகக் குறைத்தார்.

போன மாதம் ஒருநாள் மாலைக் கணக்கில் 11 கிராம் வெள்ளி குறைந்தது. நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. முன்பென்றால் எழுந்து வெளியே போயிருப்பேன். அன்று மலைப்படியில் உட்கார்ந்ததுபோல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் மறுபடி நிறுத்தேன். மூத்த தொழிலாளி ஒருவர் தன் மணையைத் தூக்கிப் பார்த்து, அடியில் கிடந்த அரப்பொடிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். கணக்கு சரியானது. பையன் மின்விசிறியைப் போட ஓடினான். பொட்டலத்தை மடித்துக் கட்டும்வரை பொறுக்கச் சொன்னேன்.