ஒரு வினாடி இடைவெளியில் கிடைத்த ஆய்வுத் தலைப்பு

12 வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திய பிறகுதான் கலைத்திட்டமும் (எதை, எப்படிக் கற்பிப்பது என்ற திட்டம்) கற்பித்தலும் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். பாடப்புத்தகம் ஏன் பல பிள்ளைகளுக்கு எட்டுவதே இல்லை என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற வேகம். அதையே தலைப்பாக எழுதிக்கொண்டு போனேன். நெறியாளர் பொறுமையாகப் படித்துவிட்டு, "எந்த வகுப்பு, எந்தப் பாடம்? யார் பேசுவதைக் கேட்கப் போகிறீர்கள்?" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

முதலில் வாசிப்பு. 1949-இல் அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் முன்வைத்த நான்கு கேள்விகளைப் படித்ததும் நான் தினமும் எழுதிய பாடக்குறிப்பேடு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. நோக்கம் என்ன, அதற்கு என்ன அனுபவம் தரவேண்டும், அதை எப்படி அடுக்குவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. என்னை அசைத்தது இன்னொரு கல்வியாளரான ஜான் குட்லாடின் பார்வைதான். ஏட்டில் இருப்பது ஒரு கலைத்திட்டம், ஆசிரியர் புரிந்துகொள்வது வேறு, வகுப்பில் நடப்பது வேறு, பிள்ளை அனுபவிப்பது இன்னொன்று. அதுவரை நான் ஏட்டை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் வகுப்பையே ஒலிப்பதிவு செய்து கேட்டேன். "1/3 பெரிதா, 1/4 பெரிதா?" என்று கேட்கிறேன். ஒரு பையன், "1/4... ஏன்னா, நாலு..." என்று தொடங்குகிறான். "சரி, வேற யாரு?" என்கிறது என் குரல். அந்த 'ஏன்னா'வுக்குப் பிறகு என்ன சொல்ல வந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாகச் சுமார் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று வினாடியாவது பொறுத்தால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டியிருக்கிறார். என் தலைப்பு அங்கேதான் கிடைத்தது: பின்னங்கள் பாடத்தில், தவறான பதிலுக்கு அடுத்த சில வினாடிகளில் என்ன நடக்கிறது, ஆசிரியர் கையேடு அதற்கு இடம் விடுகிறதா?

ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை வெறும் படிவ வேலை என்று நினைக்காதீர்கள். பெற்றோர் கையெழுத்து போட்டாலும் பிள்ளையின் சம்மதத்தைத் தனியாகக் கேட்கவேண்டும். ஒரு சிறுமி வேண்டாம் என்றாள். அவள் பேசிய இடங்களையெல்லாம் பதிவிலிருந்து நீக்கினேன். சில நல்ல உரையாடல்கள் பாதியாகிப் போயின. போகட்டும், அது அவள் உரிமை.

40 நிமிட வகுப்பை எழுத்தாக்க எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. சொற்களை எழுதுவது எளிது, மௌனங்களை அளந்து எழுதுவதுதான் கடினம். பிறகு குறியிடுதல், அதாவது உரையாடலின் ஒவ்வொரு பகுதியும் எந்த வகை என்று பெயரிட்டுக் குறிப்பது. ஒரு பகுதியைச் சக ஆய்வாளரிடம் தனியாகக் குறியிடக் கொடுத்தேன். நான் 'உதவி' என்று குறித்த பல இடங்களை அவர் 'குறுக்கீடு' என்று குறித்திருந்தார். இரண்டு நாள் வாதாடினோம். பல இடங்களில் அவர் சொன்னதே சரி. வரையறைகளைத் திருத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து குறியிட்டேன். நான்கு மாதம் கூடுதலாகப் போனது, ஆனால் ஆய்வேட்டில் நான் முழுதாக நம்பும் இயல் அதுதான்.

எழுதும் காலம் எல்லோருக்கும் போலத்தான்: வரைவு, திருத்தம், மறுபடி வரைவு. சமர்ப்பிக்கும் முன் ஒன்று மட்டும் பிடிவாதமாகச் செய்தேன். நான் பதிவு செய்யத் தங்கள் வகுப்புகளைத் திறந்துவிட்ட ஆசிரியர்களிடம் முடிவுகளைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவர்களில் ஒருவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "மூன்று வினாடி நான் காத்திருக்கிறேன் சார். பாடத்தை முடிக்கவேண்டிய தேதி காத்திருக்குமா?" என்றார். அதை அப்படியே கடைசி இயலில் சேர்த்தேன். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அந்த வரியைப் பற்றித்தான் வந்தது. இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினோம்.