ஆட்டோகாக்கர் போல்ட்டை மெதுவாக மூட வைத்தல்: இதுவரை நடந்த வேலை

பழைய ஆட்டோகாக்கர் பெயிண்ட்பால் மார்க்கர் (சாயக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) ஒன்றின் காற்று அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கிறேன். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

பட் ஆர் (Bud Orr) என்பவர் உருவாக்கிய மார்க்கர் இது. இதற்கு முந்தைய ஸ்னைப்பர் என்ற மார்க்கரில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பம்பைக் கையால் இழுக்க வேண்டும். ஆட்டோகாக்கரில் அந்த வேலையை முன்பக்கம் இருக்கும் மூன்று சின்னப் பாகங்கள் செய்கின்றன: எல்.பி.ஆர். (அழுத்தத்தைக் குறைக்கும் குட்டி ரெகுலேட்டர்), த்ரீ-வே வால்வு, ராம். டாங்கிலிருந்து 800 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வாக்கில் வரும் காற்று, மெயின் ரெகுலேட்டரைத் தாண்டி எல்.பி.ஆருக்கு வந்ததும் நூறை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். அதை த்ரீ-வே வால்வு ராமின் முன்பக்கத்துக்கோ பின்பக்கத்துக்கோ மாற்றி அனுப்பும். ராம் என்பது ஒரு குட்டி சிலிண்டர், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, சர்க்யூட் போர்டு கிடையாது. இதன் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணமே அதுதான்.

மெல்லிய ஓடுள்ள குண்டு பாதி இறங்கி நிற்கும்போது போல்ட் (குண்டைப் பேரலுக்குள் தள்ளி மூடும் தண்டு) வேகமாக மூடினால் குண்டு நசுங்கி, பேரல் முழுக்கச் சாயமாகிவிடும். இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் எல்.பி.ஆரைக் குறைப்பது. காக் ஆகாமல் (அடுத்து சுடத் தயாராகாமல்) நிற்கும் வரை குறைத்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். ஆனால் அழுத்தத்தைக் குறைத்தால் போல்ட் திறக்கும் வேகமும் சேர்ந்தே குறைகிறது. எனக்கு வேண்டியது சட்டென்று திறந்து, மெதுவாக மூடும் போல்ட்.

அதனால் ராமின் முன்பக்கத்துக்குப் போகும் ஹோஸில் ஒரு ஃப்ளோ கன்ட்ரோல் சேர்த்தேன். தொழிற்சாலை நியூமேட்டிக்ஸில் கிடைக்கும் 10-32 மரையுள்ள சின்ன வகை. உள்ளே ஒருவழி வால்வும் ஊசி வால்வும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ட்ரிகரை இழுத்ததும் காற்று ஒருவழி வால்வு வழியே தடையில்லாமல் புகுந்து போல்ட்டோடு இணைந்த பேக் பிளாக்கைப் பின்னால் தள்ளி, போல்ட்டைத் திறக்கும். விரலை விட்டதும் அதே காற்று ஊசி வால்வின் இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். திருகை அரைக்கால் சுற்று முடுக்கினாலே வித்தியாசம் காதில் கேட்கிறது: ‘டக்’ என்று இடித்த சத்தம் ‘ஸ்ஸ்க்’ என்று இழுபடும். பாதி இறங்கிய குண்டின் மேல் இப்போது போல்ட் வந்து முட்டி நிற்கிறது. ஓடு உடையவில்லை. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது!

அப்புறம் டைமிங். ட்ரிகரை மெல்ல இழுத்தால் முதலில் ஹேமர் (வால்வைத் தட்டிக் குண்டைச் சுட வைக்கும் சுத்தியல்) விழ வேண்டும், அதற்குப் பிறகே த்ரீ-வே மாற வேண்டும். இரண்டும் நெருங்கிவிட்டால் சுடும் காற்று, குண்டுகள் இறங்கும் ஃபீட் குழாய் வழியே மேலே ஏறி, அடுத்த குண்டுகளைத் தூக்கிவிடும். ட்ரிகரையும் த்ரீ-வேயையும் இணைக்கும் டைமிங் ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இந்த இடைவெளியைப் பிடிப்பதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கும் பகுதி. என் அபிப்பிராயத்தில் புதுப் பாகம் வாங்குவதைவிட இதற்குச் செலவழிக்கும் நேரம்தான் பலன் தரும்.

ஹோஸைக் கழற்றும் முன் டாங்கை எடுத்து, மிச்சக் காற்றையும் வெளியேற்றிவிடுங்கள். கண்ணாடி முகமூடி மேஜை வேலையிலும் கட்டாயம். குண்டின் வேகத்தைக் க்ரோனோகிராஃப் என்ற வேகமானியில் பார்த்து நொடிக்கு 280 அடிக்குள் வைத்திருக்கிறேன். எல்.பி.ஆர். அதைத் தொடுவதில்லை, அது மெயின் ஸ்பிரிங்கும் மெயின் ரெகுலேட்டரும் தீர்மானிக்கிற விஷயம்.

இனி பார்க்க வேண்டியது, அவசரமாக அடுத்தடுத்துச் சுடும்போது போல்ட் முழுதாக மூடும் முன்பே ஹேமர் விழுகிறதா என்பது. விழுந்தால் ஊசி வால்வைக் கொஞ்சம் தளர்த்தி, ஹோஸ்களையும் குட்டையாக வெட்டிப் பார்க்கப்போகிறேன்.